பாட்ரீசியா ஏரியில் ஒரு பனிக்கப்பல்

1943-ஆம் ஆண்டின் குளிர்காலம். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், ராக்கி மலைகளுக்கு நடுவே, ஜாஸ்பர் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பாட்ரீசியா ஏரி இறுகி உறைந்து கிடந்தது. அதன்மேல் இளைஞர்கள் சிலர் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடியில் மரத்தளம், சுற்றிலும் மரச்சுவர், சுவருக்குத் தார்ப்பூச்சு, பாளங்களுக்கு ஊடே குளிர்காற்று ஓட இரும்புக் குழாய்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கூரை. தூரத்திலிருந்து பார்ப்பவர் அதைப் படகுக் கொட்டகை என்று நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. எதற்காகக் கட்டுகிறோம் என்று அந்த இளைஞர்களுக்கே சொல்லப்படவில்லை.

அவர்கள் கட்டியது ஒரு போர்க்கால விமானந்தாங்கிக் கப்பலின் மாதிரி. நீளம் 60 அடி, அகலம் 30 அடி, உயரம் சுமார் 20 அடி, எடை ஏறத்தாழ 1,000 டன். கப்பல் மாதிரி செய்பவர்கள் பொதுவாக ஏற்கெனவே ஓடிய கப்பலைப் பார்த்துத்தான் செய்வார்கள்; மூலக் கப்பலின் வரைபடம் கையில் இருக்கும், புகைப்படங்கள் இருக்கும். இங்கே மூலம் என்று எதுவும் இல்லை. உலகில் அதுவரை எவரும் கட்டியிராத, பிறகும் கட்டாமலே விட்ட ஒரு கப்பலுக்கு மாதிரி மட்டும் பிறந்தது. அந்த மாதிரியை எனக்கு மிகவும் பிடிக்கும். அழகுக்காகச் செய்யப்பட்டதல்ல அது. இயற்கையிடம் ஒரு கேள்வி கேட்பதற்காகச் செய்யப்பட்டது.

கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை அட்லாண்டிக் கடலிலிருந்து தொடங்க வேண்டும். 1942-இல் பிரிட்டன் உயிர் பிழைத்திருந்தது வட அமெரிக்காவிலிருந்து வரும் சரக்குக் கப்பல்களால். உணவு, எண்ணெய், தளவாடம் எல்லாம் அந்த வழியாகத்தான் வந்தன. ஜெர்மன் நீர்மூழ்கிகள் கூட்டம் கூட்டமாக வந்து அவற்றை மூழ்கடித்தன. நீர்மூழ்கிக்கு விமானத்தைக் கண்டால் பயம். ஆனால் நியூஃபவுண்ட்லாந்து, ஐஸ்லாந்து, வட அயர்லாந்து ஆகிய இடங்களிலிருந்து கிளம்பும் விமானங்கள் குறிப்பிட்ட தூரம் வரைதான் வந்து திரும்ப முடியும். நடுக்கடலில் எந்த விமானமும் எட்ட முடியாத பெரும் பரப்பு ஒன்று மிச்சமிருந்தது. கப்பல்கள் அதிகம் செத்தது அங்கேதான். அந்த இடைவெளியில் விமானந்தாங்கிக் கப்பல்களை நிறுத்தலாம் என்றால் அதற்கான எஃகு இல்லை. இருக்கும் எஃகுக்கு ஆயிரம் தேவைகள் காத்திருந்தன.

ஜெஃப்ரி பைக் என்ற ஆங்கிலேயருக்கு இதற்கு ஒரு விடை தோன்றியது. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். 1893-இல் பிறந்தவர். முதல் உலகப்போர் தொடங்கியபோது போலிப் பாஸ்போர்ட்டோடு பெர்லினுக்குப் போய்ச் செய்தி அனுப்ப முயன்று பிடிபட்டார். ரூலேபென் முகாமில் அடைக்கப்பட்டு 1915-இல் அங்கிருந்து தப்பி நாடு திரும்பினார். பிறகு கேம்பிரிட்ஜில் மால்டிங் ஹவுஸ் என்ற பள்ளியைத் தொடங்கினார். குழந்தை உளவியலில் பெயர் பெற்ற சூசன் ஐசக்ஸ் அதை நடத்தினார். உலோகச் சந்தையில் பணம் சம்பாதித்து அதே சந்தையில் இழந்தார். அவர் படித்தது பொறியியலோ கடலியலோ அல்ல. பிரச்சினையைச் சரியாகக் கேட்கத் தெரிந்தால் விடை கிடைத்துவிடும் என்று நம்பியவர். கூட்டுத் தாக்குதல் தலைமையகத்தின் தலைவராக இருந்த மவுண்ட்பேட்டன் 1942-இல் அவரைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டார். இந்தியாவின் கடைசி வைசிராயாக நாம் அறிந்த அதே மவுண்ட்பேட்டன்.

பனிப்பிரதேசத்தில் போர் செய்வதற்கான வண்டி ஒன்றின் வேலையாக அமெரிக்கா போயிருந்த பைக், அங்கிருந்து 200 பக்கங்களுக்கு மேல் நீண்ட ஒரு குறிப்பை மவுண்ட்பேட்டனுக்கு அனுப்பினார். அதன் சாரம் இது: எஃகு வேண்டாம், பனிக்கட்டியால் கப்பல் கட்டுவோம். பனிக்கட்டி மூழ்காது. அதே எடை எஃகைச் செய்யத் தேவைப்படும் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கில் பனிக்கட்டியைச் செய்துவிடலாம். டார்ப்பிடோ தாக்கி ஓட்டை விழுந்தால் தண்ணீரை ஊற்றி உறையவைத்து அடைத்துக்கொள்ளலாம். விவிலியத்தில் வரும் ஆபகூக் தீர்க்கதரிசியின் பெயரைத் திட்டத்துக்கு வைத்தார்கள். அலுவலகக் கோப்புகளில் அது ஹபக்குக் ஆயிற்று.

1942 டிசம்பரில் சர்ச்சிலுக்கு இது பிடித்துவிட்டது. இயற்கையில் கிடக்கும் பனிப்பாளத்தையே வெட்டி இழுத்துவந்து ஓடுதளமாக்கிவிடலாம் என்றுகூட அவர் எண்ணினார். அது நடக்காது. மிதக்கும் பனிமலை தண்ணீருக்கு மேலே தலையை மட்டும்தான் காட்டும், எப்போது புரளும் என்றும் சொல்ல முடியாது. கடல்மேல் உறையும் பாளமோ மெல்லியது. ஆகவே கட்டித்தான் ஆக வேண்டும். கட்டுவதற்கு முன் பனிக்கட்டி என்பது எப்படிப்பட்ட கட்டுமானப் பொருள் என்று தெரிய வேண்டும். அதுவரை யாரும் அதை அந்தக் கண்ணோடு பார்த்ததில்லை.

இந்த வேலை மேக்ஸ் பெருட்ஸ் என்ற இளம் விஞ்ஞானியிடம் வந்தது. ஆஸ்திரியாவில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் புரதங்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர், போருக்கு முன்னால் சுவிட்சர்லாந்தில் பனியாறுகளையும் ஆராய்ந்திருந்தார். 1940-இல் எதிரி நாட்டவர் என்று பிரிட்டன் அவரைப் பிடித்துக் கப்பலேற்றிக் கனடாவின் கியூபெக்கில் சிறைவைத்தது. விடுவித்துச் சில காலத்திலேயே அதே அரசு இந்த இரகசிய வேலையைக் கொடுத்தது. எதற்காக என்று அவருக்கும் முதலில் சொல்லவில்லை. பனிக்கட்டியை வலுவாக்க வேண்டும், சீக்கிரம் உறையவைக்க வேண்டும், அவ்வளவே.

லண்டன் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தைக்குக் கீழே, ஐந்து தளம் ஆழத்தில், உறைந்த இறைச்சி தொங்கும் குளிர்கிடங்கு ஒன்றில் ஆய்வுக்கூடம் அமைந்தது. மாட்டிறைச்சித் துண்டங்களே ஆய்வுக்கூடத்தை மறைக்கும் திரை. மின்சாரத்தால் சூடாகும் உடை அணிந்து பெருட்ஸும் உதவியாளர்களும் பனிக்கட்டியை அறுத்தார்கள், வளைத்தார்கள், சுட்டுப் பார்த்தார்கள். வெறும் பனிக்கட்டி நம்பத்தகாத பொருள். ஒரு துண்டு பெரும்பாரம் தாங்கும். அதே அளவுள்ள அடுத்த துண்டு கொஞ்சம் பாரத்திலேயே பிளந்துபோகும். அப்போது நியூயார்க்கின் புரூக்ளின் பாலிடெக்னிக்கிலிருந்து செய்தி வந்தது. வியன்னாவில் பெருட்ஸுக்கு ஆசிரியராக இருந்த ஹெர்மன் மார்க், தன் சகா ஒருவரோடு சேர்ந்து, தண்ணீரில் கொஞ்சம் மரக்கூழைக் கலந்து உறையவைத்திருந்தார். நம் ஊரில் மண்சுவருக்குக் குழைக்கும்போது வைக்கோலைப் போட்டு மிதிப்பார்களே, அதே காரியம்தான். நார் இருக்கும் இடத்தில் விரிசல் நின்றுவிடுகிறது, மேலே ஓடுவதில்லை.

பெருட்ஸ் விகிதத்தைத் தேடித் தேடி 14 சதவீதம் மரக்கூழ், 86 சதவீதம் தண்ணீர் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கலவைக்கு பைக்கின் பெயரைச் சேர்த்து பைக்ரீட் என்று பெயரிட்டார்கள். எடைக்கு எடை அது கான்கிரீட்டுக்கு ஈடான வலிமை கொண்டது. வெறும் பனிக்கட்டியில் 14 அங்குலம் புகும் துப்பாக்கிக் குண்டு இதில் ஆறரை அங்குலத்தில் நின்றது. உருகுவதும் மெதுவாகத்தான், மேற்பரப்பில் உருகிய இடத்தில் நார் படிந்து அதுவே கம்பளியாகிவிடும்.

கனடாவில் பொறுப்பை ஏற்றவர் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் தலைவராகச் செயல்பட்ட சி. ஜே. மெக்கன்சி. கட்டுமானப் பொறியாளர். பொருளாதார மந்தத்தின்போது வேலையற்றோருக்கு வேலை கொடுப்பதற்காக சாஸ்கட்டூன் நகரில் எழுப்பப்பட்ட பிராட்வே பாலத்தை வடிவமைத்தவர் அவரே. கடுங்குளிரில் கட்டிடம் கட்டுவது என்றால் என்ன என்று அனுபவத்தால் அறிந்தவர். பனிக்கட்டி உத்தரங்களைச் செய்து சோதிக்க லேக் லூயிஸ், மாதிரிக் கப்பலைக் கட்ட பாட்ரீசியா ஏரி என்று இடங்கள் முடிவாயின. ஜாஸ்பருக்கு ரயில் போகும், எனவே சாமான்களைக் கொண்டு சேர்க்கலாம். போர்க்காலத்தில் அந்தப் பக்கம் வெளியாள் நடமாட்டம் குறைவு. ஆள் பலமும் அங்கேயே இருந்தது.

அந்த ஆள் பலம் யார் என்பதில்தான் இந்தக் கதையின் கனம் இருக்கிறது. ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மறுத்த இளைஞர்கள் அவர்கள். மென்னோனைட், டுகோபார் என்ற கிறிஸ்தவப் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். கொலை பாவம், போர் கொலை, ஆகவே போருக்குப் போக மாட்டோம் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த உறுதி. டுகோபார்கள் ரஷ்யாவில் ஜார் அரசின் கொடுமைக்கு ஆளானபோது, 1899-இல் அவர்கள் கனடாவுக்குக் குடிபெயர டால்ஸ்டாய் தன் 'புத்துயிர்ப்பு' நாவலின் வருமானத்தைக் கொடுத்தார். இரண்டாம் உலகப்போரில் கனடா அரசு இப்படிப்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்பாமல், மாற்றுச் சேவை என்று தேசியப் பூங்காக்களில் சாலை போடவும் மரம் வெட்டவும் அனுப்பியது. நாளுக்கு 50 சென்ட் கூலி. அவர்களில் ஒரு பகுதியினரைத்தான் பாட்ரீசியா ஏரிக்குக் கொண்டுவந்தார்கள்.

போர்க்கருவி செய்ய மாட்டோம் என்றவர்களிடம் போர்க்கப்பலின் மாதிரியைச் செய்ய வைத்தார்கள், என்னவென்று சொல்லாமலே. இரகசியம் காக்க வேண்டிய காலம்தான், நெருக்கடிதான், எல்லாம் உண்மை. ஆனாலும் அது நியாயமாக எனக்குத் தெரியவில்லை. மறுப்பதற்கு ஒருவருக்கு உள்ள உரிமையை மதிப்பதாகச் சொல்லிவிட்டு, எதை மறுக்க வேண்டும் என்பதையே அவரிடமிருந்து மறைத்துவிட்டார்கள். இந்த மாதிரியைப் பற்றிப் பேசும்போது பைக், சர்ச்சில், மவுண்ட்பேட்டன் என்று பெயர்கள் அடுக்கடுக்காக வரும். ஏரிக்காற்றில் நின்று பாளம் சுமந்தவர்களின் கை இல்லாமல் அதில் ஒரு அடிகூட உயர்ந்திருக்காது.

அவர்கள் கட்டியது பைக்ரீட்டால் அல்ல, ஏரியிலிருந்து அறுத்தெடுத்த சாதாரணப் பனிக்கட்டியால். பைக்ரீட் தயாராவதற்கு முன்பே மாதிரிக்கான உத்தரவு வந்துவிட்டது, குளிர்காலமும் காத்திருக்காது. உருவமும் கப்பலைப் போல இல்லை. பின்னர் தீட்டப்பட்ட முழுக் கப்பலின் திட்டத்தோடு ஒப்பிட்டால் இது நன்றாகப் புரியும். முழுக் கப்பலின் நீளம் 2,000 அடி, அகலம் 300 அடி, ஆழம் 200 அடி; சுவரின் கனம் மட்டும் 40 அடி; எடை 20 இலட்சம் டன்னுக்கும் மேல்; இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் 150 அதில் இறங்கி ஏற முடியும். இவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாதிரி அகலத்திலும் உயரத்திலும் பத்தில் ஒரு பங்கு. நீளத்தில் முப்பத்து மூன்றில் ஒரு பங்குதான். அதாவது பெரிய கப்பலின் குறுக்கே ஒரு துண்டை வெட்டி எடுத்து, பத்தில் ஒன்றாகச் சுருக்கி மிதக்கவிட்டது போன்ற அமைப்பு. மூக்கு இல்லை, வால் இல்லை, ஓடுதளம் இல்லை. தேவையும் இல்லை. அது பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: சுவரில் காப்புப் பூசி, உள்ளே குளிர்காற்றை ஓடவிட்டால், கோடையிலும் பனிக்கட்டி நிற்குமா?

நின்றது. ஏரி உருகியது, வெயில் ஏறியது, அந்த 1,000 டன் பனிக்கட்டி உருகவில்லை. அதை உறைநிலையில் வைத்திருந்தது ஒரு குதிரைத்திறன் மோட்டார். இதில் மாதிரிக்குப் பாதகமான கணக்கு ஒன்றும் இருந்தது. வெப்பம் மேற்பரப்பு வழியாக நுழைகிறது; குளிர் முழுக் கனஅளவிலும் சேர்ந்திருக்கிறது. ஒரு பொருளை எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெரிதாக்கினால் மேற்பரப்பு 100 மடங்கும் கனஅளவு 1,000 மடங்கும் ஆகும். ஆகவே சிறிய மாதிரியே உருகாமல் நின்றுவிட்டால் பெரிய கப்பல் இன்னும் எளிதாக நிற்கும். மாதிரிக்கு வைத்த சோதனை கப்பலுக்கு வரப்போகும் சோதனையைவிடக் கடினமானது. அதில் அது தேறிவிட்டது. கனடியப் பொறியாளர்களுக்கு நம்பிக்கை வந்ததில் வியப்பில்லை. மூன்று இலட்சம் டன் மரக்கூழ், 10,000 டன் எஃகு, ஏழு இலட்சம் பவுன் செலவு. 1944-இல் முழுக் கப்பலையும் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

இன்னொரு கேள்வி இருந்தது. அதை அந்த மாதிரியால் கேட்கவே முடியாது.

பனிக்கட்டி திடப்பொருள்தான், ஆனால் பாரம் ஏறினால் மெல்ல மெல்ல ஓடும். மலையிலிருந்து பனியாறு இறங்குவது அதனால்தான். பைக்ரீட்டும் இந்தக் குணத்திலிருந்து தப்பவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 16 டிகிரி செல்சியஸில் வைத்திருந்தால் ஒழிய அது சொந்தப் பாரத்திலேயே தொய்யும் என்று ஸ்மித்ஃபீல்டு சோதனைகள் காட்டின. இங்கே அளவுக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. பத்து மடங்கு உயரமான கப்பலில் அடிப்பகுதியின் மேல் விழும் அழுத்தம் பத்து மடங்கு. அழுத்தம் இரட்டிப்பானால் பனிக்கட்டியின் ஓட்டம் ஏறத்தாழ எட்டு மடங்காகும் என்பது போருக்குப் பின் கண்டறியப்பட்ட விதி. அதன்படி பத்து மடங்கு அழுத்தத்துக்கு ஓட்டம் ஆயிரம் மடங்கு. பாட்ரீசியா ஏரியின் பெட்டியில் அப்படித் தொய்வதற்குப் போதிய பாரமே இல்லை. உருகுதலைப் பொறுத்தவரை மாதிரி கண்டிப்பான தேர்வாளர். தொய்தலைப் பொறுத்தவரை ஒன்றும் கேட்காமல் அனுப்பிவிடும் தேர்வாளர். எந்த மாதிரியும் ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு பிறக்கிறது, மற்ற கேள்விகளுக்கு அது ஊமை. நீளத்தைச் சுருக்குவது நம் கையில் இருக்கிறது. பாரமும் வெப்பமும் அதே வீதத்தில் சுருங்கித் தருவதில்லை.

1943 மே மாதத்துக்குள் தொய்வுப் பிரச்சினை பெரிதாகிவிட்டது. கூடுதல் எஃகு வேண்டும், கப்பல் முழுக்கக் குளிர்காற்றுக் குழாய்கள் வேண்டும், இன்னும் நல்ல காப்பு வேண்டும் என்று பட்டியல் நீள, மதிப்பீடு 25 இலட்சம் பவுனாக ஏறியது. அந்த ஆண்டு கட்டத் தொடங்க வழியில்லை என்றார்கள் கனடியர்கள். அமெரிக்கர்களின் ஆதரவு தேவைப்பட்டது. அவர்களோடு முன்பே மோதியிருந்த பைக்கைத் திட்டத்திலிருந்து ஒதுக்கினார்கள். எண்ணத்தைப் பெற்றவருக்கே இடமில்லாமல் போயிற்று.

அந்த ஆகஸ்டில் கியூபெக்கில் நேச நாட்டுத் தளபதிகளின் மாநாடு நடந்தது. மவுண்ட்பேட்டன் ஒரு பனிக்கட்டியையும் ஒரு பைக்ரீட் கட்டியையும் கொண்டுவந்து வைத்து, கைத்துப்பாக்கியால் சுட்டுக் காட்டினார். பனிக்கட்டி நொறுங்கியது. பைக்ரீட்டில் பட்ட குண்டு தெறித்துத் தளபதிகளுக்கு நடுவே பறந்தது. அமெரிக்க அட்மிரல் கிங்கின் கால்சட்டையை உரசிச் சென்றது என்று ஒரு சாரார் சொல்வார்கள். அறைக்கு வெளியே இருந்தவர்கள் தளபதிகள் ஒருவரையொருவர் சுட ஆரம்பித்துவிட்டார்கள் என்று பதறினார்கள். இந்தக் காட்சியைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட அந்த ஒரு குதிரைத்திறன் மோட்டார் பெரிதாகப் படுகிறது. குண்டைத் தாங்குவது ஒரு நொடி. ஒரு கோடையைத் தாங்குவது வேறு.

அதற்குள் கடல் மாறிவிட்டது. தொலைதூரம் பறக்கும் லிபரேட்டர் விமானங்கள் நடு அட்லாண்டிக் வரை எட்டின. சிறிய துணை விமானந்தாங்கிகள் அமெரிக்கத் தளங்களிலிருந்து வரிசையாக இறங்கின. மே மாதம் மட்டும் 40-க்கும் மேற்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிகள் அழிந்தன. அக்டோபரில் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் நேச நாடுகளுக்கு விமானத்தளம் கிடைத்தது. முழுக் கப்பலுக்குத் தேவையான பைக்ரீட்டை உறையவைக்கும் இயந்திரங்களுக்கு ஆகும் எஃகு, கப்பலையே எஃகால் கட்டினால் ஆகும் எஃகைவிட அதிகம் என்று பெருட்ஸ் பின்னாளில் எழுதினார். எஃகைச் சேமிக்கப் பிறந்த எண்ணம் எஃகில் முட்டி நின்றது. 1943 முடிவில் திட்டம் கைவிடப்பட்டது.

ஏரியில் இருந்த மாதிரியிலிருந்து இயந்திரங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு மற்றதை அப்படியே விட்டார்கள். மின்சாரம் நின்ற பிறகும் அந்தப் பனிக்கட்டி முழுக்க உருக மூன்று கோடைகள் ஆயின. மரச்சட்டமும் தாரும் குழாய்களும் ஏரியின் அடிக்குப் போயின. பல ஆண்டுகள் கழித்து முக்குளிப்பவர்கள் அவற்றைக் கண்டார்கள். 1980-களில் நீரடித் தொல்லியலாளர்கள் இறங்கி அளந்து பதிவு செய்தார்கள். நினைவுப் பலகையும் வைக்கப்பட்டது. இன்று ஜாஸ்பருக்குப் போகும் முக்குளிப்பவர்கள் கேட்டறிந்து போகும் இடம் அது.

பைக் 1948 பிப்ரவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டில் பெருட்ஸ் பனியியல் ஆய்விதழில் பைக்ரீட்டைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். கப்பலைக் கவிழ்த்த அந்தத் தொய்வு பனியாறுகள் ஓடுவதைப் பற்றி என்ன சொல்கிறது என்பது அதில் அவர் எடுத்துக்கொண்ட விஷயம். பிறகு சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ் பனியாற்றில் 100 மீட்டருக்கும் அதிக ஆழத்துக்குச் செங்குத்தாக எஃகுக் குழாய் ஒன்றை இறக்கி, அது எப்படிச் சாய்ந்து வளைகிறது என்று அவரும் சகாக்களும் அளந்தார்கள். பனியாற்றின் மேற்பரப்பு அடிப்பகுதியைவிட வேகமாக நகர்கிறது என்பதை அந்தக் குழாய் காட்டியது. கேம்பிரிட்ஜில் அவரிடம் மாணவராக இருந்த ஜான் கிளென் பனிக்கட்டித் துண்டுகளின்மேல் பாரம் ஏற்றி ஏற்றிச் சோதித்து, அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவை 1950-களில் வகுத்தார். மேலே சொன்ன எட்டு மடங்குக் கணக்கு அவருடையதுதான். கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் இருக்கும் பனி எவ்வளவு வேகமாகக் கடலுக்குள் இறங்கும் என்று இன்று கணிப்பவர்கள் அந்த விதியைக் கொண்டுதான் கணக்கிடுகிறார்கள்.